பாதியில் போனவர்கள் எங்கே?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியா நோயால் துரும்பாக இளைத்தவள், இப்போதுதான் எடை தேறி வருகிறாள். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரை கொடுத்தால் நோய் திரும்பாது, அதற்கு ஆய்வே இருக்கிறது என்கிறார் உறவினர் ஒருவர். நம்பலாமா டாக்டர்?

பதில்: மகள் தேறி வருகிறாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது, அம்மா. உறவினர் சொல்வது பொய்யில்லை. 2001-ல் அப்படி ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 35 பேர்தான். மாத்திரை எடுத்த 16 பேரில் 10 பேர் ஓராண்டு ஆய்வில் நிலைத்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 19 பேரில் 3 பேர்தான். அதைப் படித்தபோது நானும் பூரித்துப்போனேன்.

2006-ல் நியூயார்க், டொரன்டோவில் 93 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. எல்லோருக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. எடை குறையாமல் ஓராண்டை முடித்தவர்கள் மாத்திரைக் குழுவில் 26.5 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 31.5 சதவீதம். மாத்திரையால் பலன் இல்லை!

இத்தகைய ஆய்வுக் கட்டுரைகளில் கட்டம் கட்டமாக ஒரு படம் இருக்கும். மேல் கட்டத்தில் சேர்ந்தவர்கள். அம்புக்குறி வழியே இறங்க இறங்க எண்ணிக்கை சுருங்கும். நான் முதலில் விரல் வைப்பது அங்கேதான். எடை கூடுவதே இந்த நோயாளிகளுக்குப் பெரும் பயம். சிகிச்சை பிடிக்காதவர்கள் பாதியில் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் அற்புதமாகத்தான் தெரியும்.

ஆய்வை நடத்துபவருக்கு எந்தச் சிகிச்சை மேல் பிடிப்பு என்பதையும் பார்ப்பேன். கோபன்ஹேகனில் புலிமியா, அதாவது அளவுமீறி உண்டு வாந்தியெடுக்கும் நோய், உள்ள 70 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வாளர்கள் தாங்களே வகுத்த, ஆழ்மனதைப் பேசி ஆராயும் உளப்பகுப்பாய்வு சிகிச்சையை இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். மறு குழுவுக்கு ஐந்தே மாதம் சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. இரண்டு ஆண்டு முடிவில் அளவுமீறி உண்பதையும் வாந்தியெடுப்பதையும் விட்டவர்கள் சிபிடியில் 44 சதவீதம், ஆய்வாளர்களின் சொந்தச் சிகிச்சையில் 15 சதவீதம். தங்கள் தோல்வியை மறைக்காமல் 2014-ல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

மகளுக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்காக மருத்துவர் இதே மாத்திரையை எழுதலாம். அது வேறு கணக்கு. ஏற்கெனவே சாப்பிடுகிறாள் என்றால், என் பதிலைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதற்காக எழுதினார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.