304 என்ற கடதாசி விளையாட்டை நன்றாக விளையாடுவேன். வீடியோ போக்கர் மெசினில் காசை அநியாயமாக்காமல் விளையாட எதைப் பழகவேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு அக்கா வீட்டுக்குப் போவதாகவும், அத்தான் கசினோவுக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 304 கைவந்தவர் என்பதால் கடதாசிப் பயம் உங்களுக்கு இராது. ஆனால் 304 தந்த சில பழக்கங்கள்தான் இந்த மெசினில் காசைத் தின்னும்.

இங்கே கூட்டாளியும் இல்லை, கேள்வி கேட்பதும் இல்லை, எதிராளியை ஏமாற்றவும் வழியில்லை. 52 தாளில் ஐந்தை மெசின் போடும். வேண்டியதைப் பிடித்து மிச்சத்தை ஒரே ஒரு தடவை மாற்றலாம். கடைசியில் நிற்கும் ஐந்துக்கு அட்டவணைப்படி காசு, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு கைக்கும் சரியான விடையைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

முதலில் பார்க்கவேண்டியது திரையில் உள்ள கொடுப்பனவு அட்டவணை. 'ஜாக்ஸ் ஓர் பெட்டர்' என்ற வகையை மட்டும் இப்போது பழகுங்கோ. ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் போட்ட காசு திரும்பும். ஒரு நாணயத்துக்கான நிரலில் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே இலக்கம் மூன்றும் ஒரு ஜோடியும்) 9, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே சாதி, எல்லாம் ஸ்பேட்ஸ் என்பதுபோல) 6 என்று இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால், பிழையில்லாமல் விளையாடுகிறவருக்கு நீண்ட காலத்தில் 99.54 வீதம் திரும்பி வரும். 8, 5 என்றால் 97.30. 7, 5 என்றால் 96.15. 6, 5 என்றால் 95 வீதந்தான். மற்ற வரிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், மெசினும் வெளியில் ஒன்றுபோலத்தான் தெரியும். புதிதாகப் போகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

காசாகப் பார்த்தால் விளங்கும். 25 சத மெசினில் ஐந்து நாணயம் போட்டால் ஒரு கைக்கு 1.25 டொலர். மணிக்கு 400 கை விளையாடினால் 500 டொலர் சுழலும். 9, 6 மெசினில் அதன் எதிர்பார்ப்பு நட்டம் 2.30 டொலர். 8, 5 இல் 13.50. 6, 5 இல் 25 டொலர். மெசினைத் தேடி ஒரு சுற்று நடப்பது, எத்தனை நாள் பழகிய திறமையையும் விட அதிகம் மிச்சப்படுத்தும்.

எப்போதும் ஐந்து நாணயம் போடுங்கோ. ரோயல் ஃப்ளஷுக்கு (ஒரே சாதியில் 10 முதல் ஆஸ் வரை) ஒன்று முதல் நாலு நாணயம் வரை போட்டால் ஒவ்வொரு நாணயத்துக்கும் 250 நாணயம் தருவார்கள், ஐந்து போட்டால் மொத்தம் 4000, அதாவது நாணயத்துக்கு 800. ஐந்து போடக் கை கூசினால் நாணயத்தைக் குறைக்காமல், 5 சத மெசினுக்கு மாறுங்கோ. அங்கும் அட்டவணையைப் பார்த்த பிறகுதான்.

இனி எதைப் பிடிப்பது என்ற வரிசை. மேலிருந்து கீழே போய், உங்கள் கைக்கு முதலில் பொருந்துவதைப் பிடிக்கவேண்டும். ரோயல், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே சாதியில் அடுத்தடுத்த ஐந்து), ஒரே இலக்கம் நாலு. அடுத்தது ரோயலுக்கு நாலு தாள் (இன்னும் ஒன்று வந்தால் ரோயல்). பிறகு வந்து முடிந்த ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் (எந்தச் சாதியிலும் அடுத்தடுத்த ஐந்து), ஒரே இலக்கம் மூன்று. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு நாலு. இரண்டு ஜோடி. ஜாக் முதல் ஆஸ் வரையான பெரிய ஜோடி. ரோயலுக்கு மூன்று. ஃப்ளஷுக்கு நாலு. சின்ன ஜோடி. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு நாலு. ஒரே சாதியில் இரண்டு படத்தாள் (ஆஸும் இதில் சேர்த்தி). ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு மூன்று. வேறு சாதியில் இரண்டு படத்தாள், கூட இருந்தால் கீழான இரண்டு. ஒரே சாதியில் 10 உடன் ஜாக், குயின், கிங் ஆகியவற்றில் ஒன்று. தனிப் படத்தாள் ஒன்று. எதுவும் இல்லையென்றால் ஐந்தையும் எறியுங்கோ. முழு நுணுக்க வரிசை இதைவிட நீளம். ஆனால் இந்தச் சுருக்கத்தால் இழப்பது 0.08 வீதந்தான், ஆகவே இதையே மனப்பாடம் செய்யுங்கோ.

பிழை விடுகிற இடங்கள் சில. 6, 6, 7, 8, 9 வேறு வேறு சாதியில் வந்தால் கண் ஸ்ட்ரெய்ட்டுக்குத்தான் போகும். மீதி 47 தாளில் 5 நாலு, 10 நாலு, ஆக எட்டு. ஸ்ட்ரெய்ட்டுக்குக் கொடுப்பனவு 4. 8 × 4 = 32, அதை 47 ஆல் பிரித்தால் 0.68. சின்ன ஜோடியின் பெறுமதி, அதாவது நாணயத்துக்குச் சராசரியாகத் திரும்புவது, 0.82. ஆறு இரண்டையும் பிடியுங்கோ. 5, 6, 8, 9 என்று நடுவில் ஓட்டை இருந்தால் கட்டிலுள்ள நாலு 7 மட்டுந்தான் உதவும். 16 / 47 = 0.34. எல்லாவற்றையும் எறிந்தால்கூட 0.36 கிடைக்கும்.

மற்றது, கை நடுங்கும் கை ஒன்று: ஸ்பேட்ஸில் ஆஸ், கிங், குயின், ஜாக், 5. ஃப்ளஷ் வந்துவிட்டது, 6 நிச்சயம். ஆனாலும் 5 ஐ எறியவேண்டும். ஸ்பேட்ஸ் 10 வந்தால் 800. மற்ற ஸ்பேட்ஸ் ஏழுக்கு 42, வேறு சாதி 10 மூன்றுக்கு 12, ஜோடி சேரும் பன்னிரண்டுக்கு 12. மொத்தம் 866, பிரித்தால் 18.4. ஆறைப்போல மூன்று மடங்கு.

304 பழக்கத்துக்கு வருவோம். அங்கே ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, கண்டவுடன் பிடிப்போம். இங்கே ஒன்பது வெறுந்தாள். ஜாக்கும் காசு தரும் தாள்களில் கடைசித் தாள்தான், அதன் ஜோடிக்கும் ஆஸ் ஜோடிக்கும் ஒரே காசு. கிங் ஜோடியோடு வந்த ஆஸை 'கையோடு இருக்கட்டும்' என்று வைத்திருப்பது இன்னொரு பிழை. ஜோடியை மட்டும் பிடித்தால் பெறுமதி 1.54, ஆஸையும் சேர்த்துப் பிடித்தால் 1.42. போன தாள்களை நினைவு வைத்திருக்கும் திறமையும் இங்கே செல்லாது. ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலக்கப்படும். அதனால் 'கனநேரமாக வரவில்லை, இனி வரும்' என்பதற்கும் இடமில்லை. ரோயல் சராசரியாக 40,000 கைக்கு ஒன்று. மணிக்கு 400 கை என்றால் 100 மணித்தியாலம்.

அதுவரை காசு கரையும். 9, 6 மெசினிலும் ஒரு மணித்தியாலத்தில் 110 டொலர் மேலோ கீழோ போவது சாதாரணம். ஆகவே போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் எடுத்துப் போங்கோ, வங்கி அட்டையை அக்கா வீட்டிலேயே வையுங்கோ. கடன் வாங்கியோ, போன வாரம் இழந்ததை மீட்கவோ விளையாடுகிறவருக்கு இந்த வரிசையால் ஒரு உதவியும் இல்லை. போனுக்கு விளம்பரமாக வரும் காசு கட்டும் ஆப்களைத் தொடவேண்டாம். நெவாடாவில் காட்ஸ் காட்டும் மெசினுக்கு உண்மையான கட்டிலுள்ள வாய்ப்பே இருக்கவேண்டும் என்று விதி உண்டு. உரிமமில்லாத ஆப்பை யார் சோதிக்கிறார்கள்?

பழகுவதற்கு மெசின் தேவையில்லை. 304 க்காக ஒதுக்கிவைத்த சின்னத் தாள்களைத் திரும்பச் சேர்த்து 52 ஆக்குங்கோ. விறாந்தையில் இருந்து ஐந்து ஐந்தாகப் போட்டு, எதைப் பிடிப்பது என்று வாயால் சொல்லிவிட்டு வரிசையோடு ஒப்பிடுங்கோ. 100 கையில் இரண்டுக்கு மேல் பிழை வராத வரைக்கும் வேகம் வேண்டாம். மெசினில் மாற்று பட்டனை அழுத்துமுன், நீங்கள் பிடித்த ஒவ்வொரு தாளிலும் 'ஹெல்ட்' என்ற எழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கோ. பட்டன் சரியாகப் பதியாமல் ஜோடியில் ஒன்றைப் பறிகொடுப்பது அடிக்கடி நடக்கும். வரிசையைச் சின்னத் துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கோ. மெசின் முன்னால் அதைப் பார்த்து விளையாடுவதைப் பொதுவாக ஒருவரும் தடுப்பதில்லை.