மக்களிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: நான் ஒரு பொதுச் சேவை அமைப்பின் திட்டப் பிரிவில் பணியாற்றுகிறேன். இரண்டு சிறிய நூலகங்களை இணைத்து ஒரே மையமாக அமைப்பது குறித்து மக்கள் கருத்தறியக் கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் குறைவு, அவர்களிலும் ஒருசிலரே பேசினார்கள். 'எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது, இது வெறும் கண்துடைப்பு' என்ற பேச்சும் எழுந்தது. அடுத்த முறை எப்படி நடத்தலாம்?

பதில்: நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட அந்தப் பேச்சைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கருதுகிறவர், எந்த நேரத்தில் எந்த மண்டபத்தில் கூட்டம் வைத்தாலும் வரமாட்டார். ஆகவே இன்னும் எதையெல்லாம் மாற்ற முடியும் என்பதை உங்கள் அமைப்பு தனக்குள் தீர்மானித்து, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு உறுதியாகிவிட்டதா, கைவிடவும் வாய்ப்புண்டா? உறுதியாகிவிட்டதெனில், மையம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், தொலைவில் வசிப்போருக்கான மாற்று ஏற்பாடு ஆகியவற்றில் எவை மக்கள் கருத்துக்கேற்ப மாறக்கூடியவை? இதற்கு மேலதிகாரிகளிடமிருந்து தெளிவான பதில் கிடைக்காதவரை கூட்டத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.

இங்கிலாந்தில் பள்ளிகளை மூடுவது தொடர்பாக எழுந்த ஒரு வழக்கில் 1985-இல் வகுக்கப்பட்ட நான்கு விதிகள், உலகில் எங்கு பணிபுரிபவருக்கும் பயன்படும். திட்டம் உருவாகும் நிலையிலேயே கருத்துக் கேட்க வேண்டும். மக்கள் சிந்தித்துப் பதில் சொல்வதற்குப் போதிய காரணங்களையும் தகவல்களையும் தர வேண்டும். போதிய அவகாசம் அளிக்க வேண்டும். வந்த கருத்துகளை முடிவெடுக்கும்போது மனச்சாட்சியுடன் பரிசீலிக்க வேண்டும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-இல் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டதுடன், உள்ளூர் வரிச்சலுகை பற்றி உள்ளாட்சி மன்றம் ஒன்று நடத்திய கருத்துக்கேட்பு முறையற்றது என்றும் தீர்ப்பளித்தது. அம்மன்றம் தன் திட்டத்தை மட்டும் விளக்கியதே தவிர, வேறு வழிகளும் இருந்தன என்பதையும் அவற்றை ஏன் ஒதுக்கியது என்பதையும் மக்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் அறிவிப்பையும் இந்த அளவுகோலில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டு நூலகங்களையும் குறைந்த நேரம் திறந்து வைப்பது போன்ற வழிகளை நீங்கள் பரிசீலித்திருந்தால், அவற்றின் செலவும் அவற்றைக் கைவிட்ட காரணமும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

அடுத்தது, கேள்வியை அமைக்கும் விதம். 'புதிய மையத்தை வரவேற்கிறீர்களா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரு பதில்கள் கிடைக்கும். இரண்டையும் வைத்து எதையும் திட்டமிட முடியாது. மாறாக, 'பணியாளர் எண்ணிக்கை இதுதான். மாலை 8 மணி வரை திறந்து வைக்க வேண்டுமெனில் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எந்த நாட்களை விடலாம், அல்லது மாலை நேரமே தேவையில்லையா?' என்று கேட்டுப் பாருங்கள். வேலைக்குச் செல்பவரும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் காலையில் நாளிதழ் வாசிக்க வரும் முதியவரும் ஒருவர் தேவையை மற்றவர் அறிந்து பேசத் தொடங்குவார்கள். உண்மையான வரம்புகளைச் சொன்னால் மக்கள் கோபப்படுவார்கள் என்ற தயக்கம் அலுவலகங்களில் பரவலாக உண்டு. வரம்புகளை மறைத்துப் பின்னர் அவை தெரியவரும்போதுதான் கோபம் பெரிதாகிறது என்பது என் கருத்து.

ஒருசிலரே பேசும் சிக்கலுக்கு ஒலிவாங்கியை எடுத்துவிடுவது பாதி மருந்து. மேடையும் வரிசை நாற்காலிகளும் உள்ள இடத்தில் பழக்கப்பட்ட பேச்சாளர்களே எழுந்து நிற்பார்கள். எட்டுப் பேர் அமரும் மேசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறிப்பெடுக்க ஒருவரை அமர்த்தி, அவர் எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்துக்கே வராதவர்களைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும்: நூலக வாசல், பேருந்து நிறுத்தம், பள்ளி விடும் நேரம். முடிவு பெரியதாகவும் சர்ச்சைக்குரியதாகவும் இருந்தால் குலுக்கல் முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்து, வயது, பாலினம், வசிப்பிடம் ஆகியவற்றில் சமநிலை பார்த்துக் குழு அமைக்கலாம். ஆனால் அதற்குப் பணமும் பல வார அவகாசமும் வேண்டும். நூலக இணைப்புக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பெரும்பாலான அமைப்புகள் கோட்டை விடுவது கூட்டம் முடிந்த பிறகுதான். பிரான்ஸில் காலநிலை குறித்து 2019-இல் தொடங்கிய குடிமக்கள் மாநாட்டில், குலுக்கலில் தேர்வான 150 பேர் பல மாதங்கள் உழைத்து 149 பரிந்துரைகளை அளித்தார்கள். அவற்றை வடிகட்டாமல் முன்னெடுப்பதாக அதிபர் மக்ரோன் வாக்குறுதி அளித்திருந்தார். பின்னர் சில ஒதுக்கப்பட்டன, பல நீர்த்துப்போயின. 2021-இல் உறுப்பினர்கள் அரசின் நடவடிக்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே அளித்தார்கள். நிறைவேற்ற முடியாத அளவுக்கு வாக்குக் கொடுத்ததே அங்கு நேர்ந்த பிழை. நீங்கள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மக்கள் சொன்னது என்ன, ஏற்றோமா இல்லையா, காரணம் என்ன என்று மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையை, முடிவு அறிவிக்கப்படும் நாளிலேயே இரண்டு நூலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல் காரணப் பத்தியில் வரக்கூடாது.

மேலதிகாரிகளிடம் கேட்டபின் எதுவுமே மாறக்கூடியதாக இல்லை என்று தெரியவந்தால், கருத்துக்கேட்பு என்ற பெயரில் கூட்டம் நடத்தாதீர்கள். அப்போது அதைத் தகவல் கூட்டம் என்றே அறிவித்து, இணைப்புக்கான காரணங்களையும் மாறவிருக்கும் நாட்களையும் விளக்கி, கேள்விகளுக்கு விடையளித்து முடித்துக்கொள்ளுங்கள்.