நோயற்ற மாட்டுச் சீரமும் நேர்மறையாக வருவது ஏன்?

வணக்கம். கிருஷ்ணகிரிப் பகுதி மாடுகளின் சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) புரூசெல்லா பாக்டீரியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிய, உறை நீக்கிய பிஎம்எம்ஏ (அக்ரிலிக்) பிளாஸ்டிக் ஒளியிழையில் ஆன்டிஜெனை (எதிர்ப்பொருள் ஒட்டும் கிருமிப் பகுதி) படியவைத்து, கொழுப்பு நீக்கிய பால்பவுடரால் மீதி இடங்களை மூடிய பின்னும், எதிர்ப்பொருள் ஒட்டினால் மட்டும் குறைய வேண்டிய ஒளிச்செறிவு, நோயற்ற மாட்டின் சீரத்துக்கும் நோயுற்ற மாட்டின் சீரத்துக்குப் போலவே குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் கணிப்பில் இழையை அல்ல, பால்பவுடரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பசும்பாலில் பசுவின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகை உண்டு. பவுடராக்கிய பின்னும் அதில் ஒரு பகுதி எஞ்சுகிறது. நீங்கள் கடைசியில் செலுத்தும் இரண்டாம் எதிர்ப்பொருளோ மாட்டு ஐஜிஜியையே தேடிப் பிடிப்பது. ஆகவே சீரமே விடாமல், பஃபருக்கு (அமிலத்தன்மை மாறாத கரைசல்) பின் இரண்டாம் எதிர்ப்பொருளை மட்டும் செலுத்திப் பாருங்கள்; அப்போதும் ஒளி குறைந்தால், பாலை விட்டுவிட்டு மீன் ஜெலட்டினுக்கு மாறுங்கள். இடங்களை மூடப் பயன்படும் இன்னொரு புரதமான மாட்டு ஆல்புமினிலும் ஐஜிஜி கலந்திருக்கக்கூடும் என்பதால் அதுவும் வேண்டாம்.

ஒளி குறையாவிட்டால், சீரத்தின் ஐஜிஜி பிளாஸ்டிக்கில் கண்டபடி ஒட்டுகிறது என்று பொருள். சீரத்தை 100 மடங்கு நீர்த்து, கழுவும் பஃபரில் 0.05% ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) சேர்த்து, ஆன்டிஜென் பூசாத இன்னோர் இழையையும் உடன் ஓட்டி வித்தியாசத்தை எடுங்கள்.

வெப்பநிலையையும் கவனியுங்கள்; இழையில் செல்லும் ஒளியின் அளவு, இழையும் அதைச் சூழ்ந்த திரவமும் ஒளியை வளைக்கும் அளவான ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. ஒரு டிகிரி கூடினால் பிஎம்எம்ஏவின் ஒளிவிலகல் எண் சுமார் 0.0001 குறையும், 100 மடங்கு நீர்த்த சீரம் பஃபரில் உண்டாக்கும் மாற்றமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே கழுவிய பிறகு, ஒரே வெப்பநிலையில், பஃபரில் மட்டும் அளவெடுங்கள். புரூசெல்லா மனிதருக்கும் தொற்றும். கையுறையின்றி மாதிரிகளைத் தொடாதீர்கள்.