குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால்

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

ஆபரேஷனில் குழந்தை பெற்ற பிறகு முதுகுவலி, தையல், தொப்பை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது கடைசி இரண்டு வரிகள்தான். குழந்தை தூங்கினாலும் உங்களுக்குக் கண் மூட முடியவில்லை. ‘நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள்’ என்று தோன்றுகிறது.

இதைப் படித்த அன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தனியாக வேண்டாம், கணவரோ அம்மாவோ கூட வரட்டும். ராத்திரி அந்த எண்ணம் வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினாலோ, காதில் குரல் கேட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் பலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், தானாகப் போய்விடும். உங்களுக்கு ஐந்து வாரம் முடிந்துவிட்டது. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நோய்தான்; சோம்பேறித்தனமும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. தாயத்து கட்டியது இருக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் தம்பி மெடிக்கலில் கேட்டு வாங்கி வந்த தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். பால் கொடுக்கிறவருக்குக் கேட்டதும் எடுத்துக் கொடுத்த அந்தக் கடைக்காரரை என்ன சொல்வது!

‘வலிக்குப் பயந்து கத்தி வைத்துக்கொண்டாள்’ என்கிறாராம் மாமியார். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால்தான் ஆபரேஷன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் குற்றம் எங்கே இருக்கிறது?

மற்றவை சின்ன விஷயங்கள். தையலைச் சுற்றி மரத்திருப்பது தோலில் ஓடும் சிறு நரம்புகள் அறுபட்டதால். சரியாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதுகில் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். குனிந்து பால் கொடுக்காமல், மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உயர்த்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதால் தையலில் சீழ் பிடித்துவிடாது, தாராளமாகக் குடியுங்கள். களியும் கீரையும் நல்லதுதான். தையலில் தூவும் பவுடரை இன்றோடு நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வைத்தால் போதும். காய்ச்சலோ சீழோ கெட்ட வாடையோ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

அடுத்த வாரம் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி இருக்கிறது. தையலை அன்றைக்குக் காட்டிக்கொள்ளலாம். மனநல மருத்துவரை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.