வேலை போனால் விசா என்னாகும்?

கேள்வி: மென்பொருள் துறையில் 9 ஆண்டுகள் அனுபவம் உள்ள எனக்கு, திறன்சார் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிப்பதாக ஓர் அமெரிக்க நிறுவனமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை, வசிப்பு அனுமதியான ப்ளூ கார்டு பெறுவதற்கான ஒப்பந்தத்தை அளிப்பதாக ஒரு ஜெர்மன் நிறுவனமும் தெரிவித்துள்ளன. அமெரிக்காவில் சம்பளம் அதிகம். என் மனைவியும் பொறியாளர். எதை ஏற்பது?

பதில்: சம்பளத்தை ஒப்பிடும் முன், அந்த வேலை போய்விட்டால் எத்தனை நாள் அங்கே தங்கலாம் என்று பாருங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறொரு நிறுவனம் அவருக்காகப் புதிய மனுவைத் தாக்கல் செய்ய அதிகபட்சம் 60 நாட்களே அவகாசம் உண்டு. அனுமதிக்காலம் அதற்கு முன்பே முடிந்தால் அந்த 60 நாட்களும் முழுமையாகக் கிடைக்காது. ப்ளூ கார்டு தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் திருத்தியமைத்த சட்டமோ, அட்டை பெற்று 2 ஆண்டுகள் நிறையாதவருக்கு 3 மாதங்களும், நிறைந்தவருக்கு 6 மாதங்களும் வேலை தேட இடமளிக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வாடகை வீட்டில் குடியேறியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த இடைவெளி சாதாரணமானதல்ல.

அடுத்து, விசா கிடைக்குமா என்பதே கேள்வி. எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் மட்டுமே உள்ளன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என 2025 செப்டம்பரில் அதிபரின் ஆணை வேறு வெளியானது. அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். ஜெர்மனியின் ப்ளூ கார்டுக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை.

உங்கள் மனைவியின் வேலையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஜெர்மனியில் ப்ளூ கார்டு பெற்றவரின் துணைவர் எந்த வேலையிலும் சேரலாம். அமெரிக்காவிலோ, பொதுவாக உங்கள் கிரீன் கார்டு மனு முதற்கட்ட ஒப்புதலைப் பெறும்வரை அவர் காத்திருக்க வேண்டும். தேர்ந்த ஒரு பொறியாளரை அப்படி ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்கச் செய்வது நியாயமாகப் படவில்லை. ஆகவே ஜெர்மனியையே பரிந்துரைப்பேன். ஜெர்மன் மொழியை இப்போதே கற்கத் தொடங்குங்கள்: ஏ1 என்னும் தொடக்க நிலையில் 27 மாதங்களில் கிடைக்கும் நிரந்தர வசிப்புரிமையை, பி1 என்னும் இடைநிலையை எட்டினால் 21 மாதங்களிலேயே பெறலாம். முதல் 12 மாதங்களுக்குள் நிறுவனம் மாறினால், வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க மறவாதீர்கள்.

கேள்வி: பட்டம் இல்லாமல், கணினித் துறை அனுபவத்தை மட்டும் வைத்து இந்த விசாக்களைப் பெற முடியுமா?

பதில்: முடியும். கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகள் பட்டதாரிக்கு இணையான நிலையில் பணியாற்றிய கணினி வல்லுநருக்கு, நிர்ணயித்த சம்பளத்துடன் வேலையும் கிடைத்தால், ஜெர்மனி ப்ளூ கார்டு வழங்குகிறது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பின் ஓராண்டுக்கு 3 ஆண்டு அனுபவம் என்று கணக்கிடுவதால், 4 ஆண்டுப் பட்டத்துக்கு ஈடாக 12 ஆண்டு அனுபவம் தேவைப்படும். எங்கு விண்ணப்பித்தாலும், உங்கள் பொறுப்புகளை விரிவாகக் குறிப்பிடும் பணிச் சான்றிதழ்களைப் பழைய நிறுவனங்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.