அரசியின் செருப்புக் காசு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் பாம்பன். அரசு உதவிபெறும் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வளாக அருள்பணிக் குழுவுக்கு (மாணவர்களின் ஆன்மிகத்தையும் நலனையும் பார்க்கும் குழு) என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார் செயலர் ஃபாதர். இதுவரை ஃபாதரோ சிஸ்டரோதான் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். இறையியல் படிக்காத, துறவியும் அல்லாத பொதுநிலைப் பெண் இதைச் செய்யலாமா? ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். அப்படியிருக்க இதை எப்படிக் கத்தோலிக்கக் கல்லூரி என்பது? என் ஆண்டுத் திட்டத்தை இணைத்திருக்கிறேன். அஞ்சல்வழி இறையியல் டிப்ளமோவில் சேரலாமா என்றும் யோசிக்கிறேன். எப்படியும் தலைமை சாமியார்களுடையது, நாங்கள் உதவிக்கு நிற்பவர்கள்தானே.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். அந்தத் தொடர்பு என்ன என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால், பாம்பன்காரியான நீங்கள் கொஞ்சம் வெட்கப்படலாம்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். ஆயரின் அனுமதி வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 812-ஆம் விதி இறையியல் பாடங்களைக் கற்பிப்பவர்களுக்கு மட்டும்தான் திருச்சபை அதிகாரியின் ஆணை கேட்கிறது. நீங்கள் ஆங்கில இலக்கணம் நடத்துகிறீர்கள். இந்து ஆசிரியர்கள் பற்றி: 1990-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று வெளியிட்ட திருத்தூது சாசனத்தில், கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, உண்மை. அதே சாசனம் ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்கச் சொல்கிறது. உங்கள் கல்லூரியோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி, அரசு சம்பளம், பல்கலைக்கழகப் பாடத்திட்டம். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் ஏன் என்று கேட்கிற இந்து ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால், முதலில் அவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலை எண்ணுவதை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "உதவிக்கு நிற்பவர்கள்தானே." அந்த "தானே"யில் பணிவு கொஞ்சம், தப்பித்துக்கொள்ளும் நினைப்பு நிறைய. நான் சொன்ன சாசனத்தின் 25-ஆம் பத்தி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் எதிர்காலம் பெருமளவுக்குத் திறமையும் அர்ப்பணிப்பும் உள்ள பொதுநிலையினரை நம்பியிருக்கிறது என்கிறது. ரோமாபுரி 1990-ல் எழுதியது இருக்கட்டும். நம் கரை இதை 1540-களிலேயே செய்து பார்த்துவிட்டது.

இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தென்கிழக்குக் கரைக்கு, வந்தார். தமிழ் தெரியாது. செபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, மணி அடித்து ஊர் ஊராகப் போனார். ஓர் ஊரில் சில நாள்கள்தான் தங்க முடியும். கிளம்பும்போது பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்க அந்த ஊர்க்காரர் ஒருவரை நியமித்துவிட்டுப் போனார். அவருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. இவர்களுக்குக் கூலி எங்கிருந்து வரும்? முத்துக்குளிப்பு வருவாயில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துகல் அரசி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. (பணம் என்பது அப்போதைய சிறு பொன் நாணயம்.) சவேரியார் அதைக் கேட்டு வாங்கி, கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் திருப்பினார். இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களை மோட்சத்துக்கு ஏற்றிச்செல்லக் கிடைக்காது என்ற பொருளில் அரசிக்கு எழுதினார் என்பார்கள்.

இந்தக் கதையைத் திருவிழா மறையுரையில் சிரிப்புக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது ஒரு வரவுசெலவுத் திட்டம், சகோதரி. இந்தக் கரையில் கத்தோலிக்கக் கல்விக்கென்று அன்று திரட்டிய காசு பொதுநிலையினர் கூலிக்குப் போனது. அதுவும் கடலில் மூழ்கியவன் எடுத்த முத்திலிருந்து வந்த காசு. 1549-ல் மறைப்பணித் தலைவர் அந்தோனியோ கிரிமினாலி உங்கள் ஊருக்குப் பக்கத்து வேதாளையில் கொல்லப்பட்டார். 1693-ல் ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது. தலைவர்கள் இரண்டு முறை போனார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊரிலேயே இருந்தார்.

இன்றைக்கும் அதே நிலைதான், வாளுக்குப் பதில் மாற்றல் ஆணை வருகிறது. அது எப்போது வருகிறது என்று பாருங்கள். மே கடைசியில் ஆணை, ஜூனில் பொறுப்பேற்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே முதல் பாதியில். கல்லூரிச் சேர்க்கை மே, ஜூன். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆக, பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் வீட்டில் வருமானம் இல்லை. அதைப் புரிந்துகொண்டு தவணை கொடுத்த செயலர் ஃபாதர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். புதியவருக்கு மலைப்பக்கத்துப் பங்கிலிருந்து மாற்றல். அவருக்கு ஜூன் 15 என்பது இன்னொரு தேதி.

இதை நான் நீட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலத்தில் தவிப்பது கூலிக்குப் போகிறவர் மட்டுமில்லை. படகுக்காரருக்கும் அதுதான் செலவுக் காலம். கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்து, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். கடற்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களும் அந்த மாதங்களில் பெரும்பாலும் போவதில்லை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பது உண்மை, ஆனால் உங்கள் மாணவியர் எல்லார் வீட்டிலும் நாட்டுப்படகா நிற்கிறது? அரசு நிவாரணம் அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அப்படியிருக்க "ஒரு வாரத்துக்குள் கட்டணம் கட்டவும்" என்று கல்லூரி எழுதினால் அப்பா எங்கே போவார்? மீன் எடுக்கும் வியாபாரியிடம். முன்பணம் கிடைக்கும். வட்டி என்று தனியாகக் கேட்க மாட்டார். கடல் திறந்ததும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அச்சடித்த அந்த ஒரு வரி வருஷம் முழுக்க இறால் விலையில் பிடித்தமாகிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு கொடுமை. ஒரே கட்டடத்தில் காலையில் அரசு உதவிபெறும் பிரிவு, பிற்பகலில் சுயநிதிப் பிரிவு. உதவிபெறும் பிரிவின் இடங்கள் முதலில் நிரம்பும். ஜூன் 15-க்குப் பிறகு காசோடு வருகிற பெண்ணுக்கு மிஞ்சுவது சுயநிதி இடம், கட்டணம் பல மடங்கு. ஏழை என்பதால் தாமதம், தாமதம் என்பதால் அதிகக் கட்டணம். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால் நடக்கிறது.

இப்போது உங்கள் ஆண்டுத் திட்டம். ஜூலையில் தொடக்கத் திருப்பலி, அக்டோபரில் செபமாலை, டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழா, தவக்காலத்தில் தியானம். எல்லாம் நல்லது, எல்லாம் யார் இல்லாவிட்டாலும் நடக்கும். ஏப்ரல், மே கட்டங்கள் இரண்டும் காலி. "விடுமுறை" என்று எழுதியிருக்கிறீர்கள்! அந்த வார்த்தையை அடித்துவிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் தீர்மானம். "மீன்பிடித் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையின்போது சிறு தொகை, மீதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று தவணை" என்று ஆட்சிக்குழுக் கூட்டத்தில் நிறைவேற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஃபாதர் வாயால் சொன்னது ஃபாதரோடு மாற்றலாகிப் போகும். புத்தகத்தில் உள்ளதை வருகிறவர் படித்தாக வேண்டும். ஒரு நகலை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். முப்பது வருஷம் அதே நாற்காலியில் இருப்பவர் அவர்தான். கத்தோலிக்கக் கல்லூரியின் ஞாபகம் அவருடைய பீரோவில் இருக்கிறது.

ஏப்ரலில் சான்றிதழ். தங்கச்சிமடம், வேர்க்கோடு, பாம்பன், மண்டபம், காரங்காடு, மூக்கையூர் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு மேசை போடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், ஞானஸ்நானச் சான்றிதழ், மீனவர் நல வாரிய அட்டை. இவற்றில் சிக்கல் வருவது பெயரில்தான். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இரண்டும் சேர்ந்த பெயர். அந்தோணி என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், அப்பா பெயர் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நிற்கும். ஆதாரைத் திருத்திப் புதுப்பிக்க நாள் பிடிக்கும். மே மாதம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். அதனால் தேர்வு முடிந்த கையோடு தொடங்குங்கள், முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கிக் கணக்கு அம்மா பெயரில் இருந்தால் போதாது. பிள்ளையின் ஆதாரோடு இணைந்த கணக்கில்தான் உதவித்தொகை விழும்.

கல்லூரிப் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். நம் ஆர்.சி. பள்ளிகளில் படித்த கரையோரப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது, தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "நமக்குக் கிடையாது" என்ற பழைய பேச்சை நம்பி விண்ணப்பிக்காமல் இருக்கிற பெண்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். நாளைக்கே கேளுங்கள். பையன்களுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம்.

மேயில் சுழல் நிதி. 40 பிள்ளைகள், ஆளுக்கு 3,000 என்றால் 1,20,000 ரூபாய். பழைய மாணவர்களிடம் கேளுங்கள். ஒரு பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவை ஒரு வருஷம் கேட்டுப் பாருங்கள், திட்டு கிடைக்கும், கொஞ்சம் காசும் கிடைக்கும். வட்டி கூடாது. சாட்சிக் கையெழுத்துக்கு அன்பியப் (பங்கின் அண்டைவீட்டார் சிறு குழு) பொறுப்பாளர் போதும். டிசம்பருக்குள் திரும்ப வேண்டும், வராததைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்யுங்கள். உதவி பெற்றவர்களின் பெயரைக் கோயிலில் வாசிக்கவே கூடாது. அந்த ஒரு தவறு நிதியைக் கொன்றுவிடும், அடுத்த வருஷம் யாரும் மேசைப் பக்கம் வர மாட்டார்கள். இந்த நிதி கத்தோலிக்கருக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள். கீழக்கரை முஸ்லிம் பிள்ளைக்கும் தேவிபட்டினத்து இந்துப் பிள்ளைக்கும் கடல் ஒன்றுதான்.

அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கும்போது பிள்ளையின் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகும். 65-க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம், அதற்கும் கீழே போனால் பெருஞ்சிக்கல். பருவத் தேர்வு வாரத்தில் முதல்வர் அறை வாசலில் அம்மாவும் பிள்ளையும் அழுதுகொண்டு நிற்கக் கூடாது. செய்தி வந்த அன்றே துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் குழுவின் வேலை. அபராதத்தைச் சுழல் நிதியிலிருந்து கட்டலாம்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். முன்னால் நிற்பவர் ராமேஸ்வரம் வேர்க்கோட்டுப் பங்குத்தந்தை. படகு வாரியாகப் பெயர் எழுதி, அடையாள அட்டை நகல் வாங்கி, விட்டுப்போன பாட்டியின் பெயரைச் சேர்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் படகில் ஏற முடியாது, சாமியாரே சொன்னாலும். யார் தலைமை, யார் உதவி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. (அந்த இரண்டு நாளில் உள்தேர்வு வைக்கிற வழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதையும் ஒரு வார்த்தை பேசுங்கள்.)

டிப்ளமோ பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தாராளமாகச் சேருங்கள், படிப்பு யாருக்கும் கெடுதல் இல்லை. நேர்முக வகுப்பு மே மாதத்தில் இருக்கிறதா என்று மட்டும் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அன்புடன்.