அழித்த இரண்டு புள்ளிகள்

அன்புள்ள ஐயா,

இதயத்துக்கு நல்லது என்று ஓர் ஆய்வு சொன்ன சத்து மாத்திரையை அம்மா நான்கு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். அதனால் பயனே இல்லை என்கிறது புதிய ஆய்வு. பெரிய இதழ்களில் வருவதை மட்டுமாவது நம்பலாமா? அல்லது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நம் அனுபவத்தையே நம்புவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் மாத்திரையைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். இதழின் பெயரும் போதாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில்தான் வந்தது. ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள். அதை முழுமையாகத் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. சொந்த அனுபவம் என்பது ஒரே ஆளை வைத்து, ஒப்பிட எவருமின்றிச் செய்த ஆய்வு. ஆயிரம் பேரைக் கொண்டு செய்ததைச் சந்தேகிக்கும் நீங்கள் இதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?

கல்லூரியில் ஊசல் சோதனை செய்தபோது என் பத்துப் புள்ளிகளில் எட்டு நேர்கோட்டில் விழுந்தன. விலகிய இரண்டையும் ரப்பரால் அழித்தேன். பொய் சொல்கிறேன் என்று தோன்றவே இல்லை. கை நடுங்கியிருக்கும் என்று காரணமும் வைத்திருந்தேன். ஆசிரியர் வரைபடத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புள்ளி கோட்டில் விழுந்திருந்தால் கை நடுங்கியது உனக்கு நினைவுக்கு வந்திருக்குமா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று கூசிப்போனது இன்னும் ஆறவில்லை.

எந்த ஆய்வைப் படித்தாலும் அதைத்தான் கேட்கிறேன். எதை அளப்போம், எது வந்தால் வெற்றி என்று முடிவைப் பார்க்கும் முன்பே பதிவுசெய்தார்களா? அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வுக் கழகம் நிதியளித்த பெரிய இதயநோய்ச் சோதனைகளை இரண்டு ஆய்வாளர்கள் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 2000-க்கு முன் வந்த 30 சோதனைகளில் 17 பயன் இருப்பதாகக் காட்டின. இப்படி முன்கூட்டியே பதிவுசெய்வது நடைமுறைக்கு வந்த பின்பு, 25-இல் 2 மட்டுமே. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் அந்த 17-ஐப் பார்க்கும்போது எனக்கு அந்த ரப்பர்தான் நினைவுக்கு வருகிறது.

பயனில்லை என்ற முடிவைத் துரோகம்போல எழுதியிருக்கிறீர்கள், எஸ். பல ஆண்டு உழைத்து, கையில் ஒன்றும் சிக்கவில்லை என்று அச்சில் ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் தெரியுமா? இரண்டு கட்டுரைகளையும் எடுங்கள். பதிவு எண் இருக்கிறதா, முதல் ஆள் சேர்க்கப்படும் முன்பே பதிவானதா, பதிவில் சொன்ன முதன்மை அளவீடுதான் கட்டுரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.